அந்தச் சின்னப் பையைத் தூக்கி எறியாதீர்கள்

புதிய இயர்போன் பெட்டியைப் பிரித்ததும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? கருவியை எடுத்துக் கைப்பேசியோடு இணைத்துப் பாட்டைப் போட்டுவிடுவோம். பெட்டியின் அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை கிடக்கும். காளான் குடை போன்ற மென்மையான முனைகள் அதில் இரண்டு சோடி இருக்கும்; ஒரு சோடி சிறியது, மற்றது பெரியது. அதை யாரும் கவனிப்பதில்லை. பெட்டியோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும்.

மாணவர்களே, என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இயர்போனின் விலையையும் பிராண்டையும்விட அந்தச் சின்னப் பைதான் முக்கியம். அதைத் தூக்கி எறிகிறவர், தம் செவித்திறனில் ஒரு பகுதியையும் சேர்த்து எறிகிறார்.

ரந்தாவ், லின்சம், லாபு, சுவா பெத்தோங், பகாவ் என நெகிரி செம்பிலானின் தோட்டப் பகுதிகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். இடைநிலைப்பள்ளிக்குப் போக நீண்ட பேருந்துப் பயணம்; இயந்திர இரைச்சலுக்கு நடுவே பாட்டு. வீட்டுக்கு வந்தால் லயத்தில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டிக் கேட்கும். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஒரே கூடத்தில் அண்ணனுக்கு ஒரு வகுப்பு, தங்கைக்கு ஒரு வகுப்பு. இயர்போன் இல்லாமல் அன்று படித்திருக்க முடியுமா? ஆகவே, 'இயர்போனே வேண்டாம், காது கெட்டுவிடும்' என்று பெரியவர்கள் சொல்லும் அறிவுரையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தடை போட்டால் பிள்ளைகள் மறைவாகக் கேட்பார்கள். 'அது உன் காதில் சரியாகப் பொருந்துகிறதா?' என்று கேட்பதுதான் பயன் தரும்.

பொருத்தத்திற்கும் செவித்திறனுக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் அறிவியல் வருகிறது.

செவிக்குழாய் நேரான குழாய் அன்று. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மெல்லிய 'எஸ்' எழுத்தைப்போல் வளைந்து செல்லும். வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உட்புறம் எலும்பு, அதன்மேல் மிக மெல்லிய தோல். இயர்போன் முனை உட்கார வேண்டிய இடம் அந்த வெளிப்பகுதி. குழாயின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் வலக்காதும் இடக்காதும்கூட ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒலியைப் பார்ப்போம். இயர்போனுக்குள் இருக்கும் சிறு சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, செவிப்பறைக்கு முன்னால் உள்ள காற்றை அழுத்துகிறது. முனை நன்றாக மூடியிருந்தால் அந்த அழுத்தம் முழுமையாகச் செவிப்பறையைச் சேரும். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தால்? அதிர்வெண் குறைந்த ஒலியில் சவ்வு மெதுவாக அசைகிறது. அழுத்தப்பட்ட காற்று இடைவெளி வழியே தப்பிப்போக அவகாசம் கிடைக்கிறது. அதிர்வெண் மிகுந்த ஒலியில் அந்த அவகாசம் இல்லை. அதனால்தான் பொருந்தாத இயர்போனில் உறுமி மேளத்தின் அந்த ஆழ்ந்த இழுவை காணாமல் போய், தாளத்தின் 'சிக் சிக்' ஒலி மட்டும் மெலிதாகக் கேட்கிறது.

உடனே நாம் என்ன செய்கிறோம்? ஒலியைக் கூட்டுகிறோம். கசிந்தது பேஸ் மட்டும்; கூட்டியதோ எல்லாவற்றையும். கசியாத உயர் அதிர்வெண் ஒலிகள் முழு வலுவோடு உட்செவியைத் தாக்குகின்றன. போதாததற்கு, அதே இடைவெளி வழியாகப் பேருந்தின் இரைச்சலும் உள்ளே நுழைகிறது. அதை வெல்ல இன்னும் கொஞ்சம் கூட்டுகிறோம்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டெசிபல் அளவில் ஒவ்வொரு 3 கூடும்போதும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. பாதுகாப்பாகக் கேட்கும் நேரம் பாதியாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். பொருத்தம் சரியில்லை என்று 6 டெசிபல் கூட்டினால் அந்த 40 மணி நேரம் 10 ஆகிவிடும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்திற்கு 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு அந்நிறுவனம் இன்னும் கடுமையான எல்லையை வகுத்திருக்கிறது: 75 டெசிபலில் 40 மணி நேரம்.

ஒவ்வொரு காதின் உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. பாலூட்டிகளான நமக்கு அவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. படிவம் 3 அறிவியலில் 'தூண்டலும் துலங்கலும்' பாடத்தில் செவியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். அந்தப் படத்தில் நத்தை வடிவில் இருக்கும் பாகத்துக்குள்தான் இந்த இழப்பு நடக்கிறது. வலி இருக்காது, எச்சரிக்கையும் வராது.

சரி, எப்படிப் பொருத்துவது? நடுத்தர அளவு முனையில் தொடங்குங்கள். வலக்காதில் மாட்ட வேண்டுமானால் இடக்கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து, காதின் மேற்பகுதியை மெல்ல மேலும் பின்னும் இழுங்கள். வளைந்த குழாய் சற்று நேராகும். வலக்கையால் முனையைச் சிறிது திருகியபடி உள்ளே வையுங்கள். பிறகு காதை விட்டுவிடுங்கள். குழாய் தானாக முனையைச் சுற்றி மூடிக்கொள்ளும். இடக்காதுக்குக் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி மூன்று சோதனைகள். முதலாவது, பாட்டுப் போடாமல் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கினால் காது நன்றாக மூடியிருக்கிறது. இரண்டாவது, உறுமியோ தவிலோ ஒலிக்கும் பாட்டைக் குறைந்த ஒலியில் போட்டு, முனையை விரலால் இலேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் திடீரென்று கூடினால், அதுவரை கசிவு இருந்தது என்று பொருள். அளவை மாற்ற வேண்டும். மூன்றாவது, எதையாவது மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள். தாடை மூட்டு செவிக்குழாய்க்கு நேர்முன்னே இருப்பதால், வாய் அசையும்போது குழாயின் வடிவமும் சற்று மாறும். அப்போதும் கழலாமல் நின்றால் பொருத்தம் உறுதி.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இயர்போன் அடிக்கடி கழன்று விழுந்தால் முனை சிறியது என்றே நினைக்கிறோம். சில வேளைகளில் அது அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கும். குழாய்க்குள் போக முடியாமல் வாயிலிலேயே நின்று வழுக்கி வெளியே வரும். எனவே சிறியதையும் முயன்று பாருங்கள். வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குச் சிறியது என்று அமைந்தாலும் அதில் தவறில்லை. வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், வலி என்பது அளவு தவறு என்பதற்கான அடையாளம். சிலருக்கு முனை பட்டதும் இருமல் வரும். செவிக்குழாயின் தோலுக்கு வரும் ஒரு நரம்பு, தொண்டைக்கும் போகும் வேகசு நரம்பின் கிளை என்பதே அதற்குக் காரணம், பயப்பட வேண்டாம். கம்பியுள்ள இயர்போன் என்றால், கம்பியைக் காதின் மேலாகச் சுற்றி விட்டால் அதன் எடை முனையைக் கீழே இழுக்காது. கழற்றும்போது வெடுக்கென்று பிடுங்காமல் மெல்லத் திருகி எடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. 'ரப்பர் முனை' என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் நம் பால்மரத்து ரப்பர் அன்று, சிலிக்கோன். இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்குவதால் நாளடைவில் ரப்பர் பிசுபிசுத்தோ வெடித்தோ போகும். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. வியர்வை, தோல் எண்ணெய், வெப்பம் எல்லாவற்றையும் அது தாங்கும். அதனால் அதைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு உலர்த்தி மறுபடியும் மாட்டலாம். நம் ஈரப்பதமான பருவநிலையில் மூடிய காதுக்குள் வியர்வை தேங்கினால் தொற்று வரும். ஆகவே இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள். நண்பரோடு பாட்டைப் பகிரலாம், முனையைப் பகிரக்கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நன்றாகப் பொருந்தும் இயர்போன் உங்களை வெளியுலகிலிருந்து துண்டிக்கிறது. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது அது நன்மை. செம்மண் சாலையில் நடக்கும்போது அது ஆபத்து. பின்னால் வரும் டிராக்டர், வளைவில் திரும்பும் குலை லோரி, புதரில் சரசரக்கும் பாம்பு எதுவும் காதில் விழாது. செம்பனைக் காட்டில் இன்னும் மோசம். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் மட்டையை வெட்டும்போது, 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை மேலிருந்து விழக்கூடும். 'தள்ளிப் போ' என்று ஒருவர் போடும் சத்தம்தான் அங்கே உயிரைக் காப்பது. அதனால் என் விதி எளிது: உட்கார்ந்தால் இரண்டு காதிலும் சரியாகப் பொருத்துங்கள், நடந்தாலும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டினாலும் இரண்டையும் கழற்றிப் பையில் போடுங்கள்.

விடுமுறையில் புல்வெட்டும் இயந்திரம் பிடிக்கும் அண்ணன்மார் சிலர் இயர்போனில் பாட்டைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வதைப் பார்க்கிறோம். அந்த இயந்திரத்தின் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இயர்போன் ஒரு பாதுகாப்புக் கருவி அன்று. அந்த வேலைக்கு உரியது காதடைப்பான்.

நம் நாட்டில் வேலையிட இரைச்சலுக்கான புதிய விதிமுறைகள் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. முந்தைய 1989ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்தவை. புதியவை தோட்ட வேலையையும் உள்ளடக்கும். ஒரு நாளின் சராசரி 85 டெசிபலைத் தாண்டினால், செவிப் பாதுகாப்புக் கருவி வழங்குவது முதலாளியின் கடமை. ஆனால் கொடுக்கப்பட்ட நுரைக் காதடைப்பானைப் பலர் பாதி மட்டும் செருகிக்கொள்கிறார்கள். பாதி செருகிய அடைப்பானும் பொருந்தாத இயர்போனும் ஒரே கதைதான். இடைவெளி வழியே ஒலி புகுந்துவிடும்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். அந்த நுரையை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மற்றொரு கையால் காதை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். உள்ளே வைத்து, அது விரியும்வரை ஏறத்தாழ அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உங்கள் இயர்போனுக்குக் கற்ற அதே கைவேலை. செம்பனை ஆலைக்கோ புல்வெட்டுக்கோ போகும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் இதைச் செய்துகாட்டுங்கள். பள்ளி அறிவியல் கழகங்களும் ஒரு கூட்டத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரு பொட்டலம் நுரை அடைப்பானும், ஆளுக்கொரு இயர்போனும், அரை மணி நேரமும் போதும்.

அடுத்த முறை பசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு இயர்போன் வாங்கினாலும், பெட்டியில் மூன்று அளவு முனைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சின்னப் பையைப் பிரித்து, ஒவ்வொரு காதுக்கும் உரியதைத் தேடி எடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.