ஒரு போனில் போகிறது டிரைவரின் பிழைப்பு

லாரிக்கு டிரைவர் கிடைப்பதில்லை என்ற புலம்பலை நாமக்கல்லில் கேட்காத நாளே இல்லை. புக்கிங் ஆபீஸ், பாடி கட்டும் பட்டறை, டயர் கடை என்று எங்கே போனாலும் இதே பேச்சு. வண்டி ஷெட்டில் நிற்கிறது, தவணை கட்ட வேண்டும், ஓட்ட ஆளில்லை என்கிறார்கள் ஓனர்கள். ஆனால் அதே புக்கிங் ஆபீஸ் வாசலில், கனரக லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு நிற்கிற டிரைவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனாக நானும் நின்றிருக்கிறேன். வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். நடுவில் தடுப்பது, பழைய ஓனர் போனில் சொல்லும் ஒரு வார்த்தை.

எங்கள் தொழிலில் புது ஓனர் கேட்பது இரண்டே கேள்விதான். எந்த லைன் ஓட்டினீர்கள், கடைசியாக யார் வண்டி? இரண்டாவதற்குப் பதில் சொன்னதும் போனை எடுத்துவிடுவார். நான் எதிரில் நிற்கும்போதே பேசி முடித்தவர்கள் உண்டு. "உங்க வண்டியில ஓட்டினவரு வந்திருக்காருங்க, ஆளு எப்படிங்க?" அந்தப் பக்கம் சொல்வது எனக்குக் கேட்காது. போனை வைத்ததும் முகம் மாறுவது தெரியும். "லோடு வந்தா கூப்பிடறேன் தம்பி" என்பார். அந்த அழைப்பு வராது. பிறகு ஒருவர்தான் மனது கேட்காமல் சொன்னார்: "மைலேஜ் வராதுன்னு சொல்றாங்க தம்பி." மைலேஜ் வராது என்றால் டீசலை விற்கிற ஆள் என்று லாரித் தொழிலில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். திருடன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்து நின்றிருப்பேன். இதற்கு எங்கே போய்ப் பதில் சொல்வது?

என்னை வண்டியை விட்டு இறக்கியது அந்த மைலேஜ் கணக்கில்தான். நாமக்கல்லில் இருந்து நாக்பூர் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு நாலு கொடுத்தால் 325 லிட்டர் டீசல் போதும். மூன்றே முக்கால் கொடுத்தால் 347 லிட்டர் ஆகும். கால் கிலோமீட்டர் வித்தியாசத்தில் 22 லிட்டர், ரூ.2,000 பக்கம் போய்விடுகிறது. ஓனருக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கால் கிலோமீட்டர் எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா? டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் குறையும். இன்ஜெக்டர் தேய்ந்தால் குறையும். ஏர் ஃபில்டர் அடைத்தால் குறையும். லோடு இறக்க வரிசையில் இன்ஜினை அணைக்காமல் ஊர்ந்தால் குறையும். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த டிரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றே போனது. கடைசியில் ஒருநாள் கணக்கு முடிக்கும்போது, "சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்று முடித்துவிட்டார்கள். வரவேண்டிய பாக்கி அப்படியே நின்றது. ஒரிஜினல் லைசென்ஸும் அவர்கள் மேசையில்தான் இருந்தது. அதை வாங்கவே நடையாய் நடந்தேன்.

மைலேஜ் பயம் ரோட்டில் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய்க்கு வரலாம். பெங்களூரிலிருந்து சேலம் வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அந்த இறக்கம் எத்தனை உயிரைக் குடித்தது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கால் லிட்டர் மிச்சமாகும் என்று சிலர் அங்கே நியூட்ரலில் இறக்குகிறார்கள். கியரில் இல்லாத வண்டியை இன்ஜின் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இத்தனைக்கும் இப்போதைய இன்ஜின்களில் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஓட்டுகிறவன் இதையெல்லாம் யோசிப்பதில்லை. அதனால் இந்த விஷயம் டிரைவருக்கும் ஓனருக்கும் நடுவில் முடிந்துவிடுவதில்லை. அந்தச் சாலையில் காரில் போகிற எல்லோரையும் சேர்ந்தது.

எனக்கு வேலை கொடுத்தவர் சங்ககிரிக்காரர். இரண்டு வண்டிதான் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவரே டிரைவர். அவரும் போன் போட்டார், அதே வார்த்தையைக் கேட்டார். ஆனால் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. "ஆக்டிங்கா ஒரு லோடு வாங்க தம்பி, நானும் கூட வர்றேன்" என்றார். ஓசூர் போய் லோடு ஏற்றித் திரும்பினோம். கிளம்பும் முன் நான் டயர்களைத் தட்டிப் பார்த்ததைக் கவனித்தார். டீக்கு நிறுத்திய இடத்தில் ஒவ்வொரு ஹப்பாகக் கை வைத்துச் சூடு பார்த்ததையும், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியதையும் பார்த்துக்கொண்டே நின்றார். தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு மெதுவாக இறங்கினேன். பக்கத்து லேனில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. கீழே வந்த பிறகு, "அடுத்த லோடுக்கு நீங்களே போங்க" என்றார். என்னை என் வேலையை வைத்தே எடைபோட்டார். அப்படி ஒரு ஓனர் எனக்குக் கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பாரா?

ஓனர்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. பல லட்ச ரூபாய் வண்டியை, அதைவிடக் கூடுதலான சரக்கோடு, முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுக்கிறார்கள். விசாரிக்காமல் கொடுக்க முடியாது. டீசல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். ஒத்துவராத டிரைவரைத் தன் வண்டியை விட்டு இறக்க ஓனருக்கு உரிமை உண்டு. தொழிலை விட்டே இறக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. அதுவும் இன்றைக்கு வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஜிபிஎஸ் சொல்கிறது. எந்த சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று பாஸ்டேக் சொல்கிறது. எந்த பங்கில் எத்தனை லிட்டர் என்று பில் இருக்கிறது. இவ்வளவு ஆதாரத்தையும் வைத்துக்கொண்டு வாய்ப்பேச்சை நம்புவது என்ன நியாயம்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கினாலும் தானாக விலகினாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணி நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்லும் தொழில் பாதுகாப்புத் தொகுப்போ, மோட்டார் தொழிலில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களைத்தான் தொடுகிறது. பழைய 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துக்கு ஐந்து பேர் இருந்தாலே போதுமாக இருந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்கள் ஏராளம். அவர்களிடம் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கடிதம் எட்டாது.

எனவே சட்டத்துக்குக் காத்திராமல் லாரி உரிமையாளர் சங்கங்களே இதைச் செய்யலாம். ஒரு பக்கத்தில் ஒரு சேவைச் சீட்டு. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எத்தனை சக்கர வண்டி, எந்த லைன், விபத்து உண்டா, கணக்குத் தீர்ந்ததா. இருவர் கையெழுத்தும் சங்கத்தின் முத்திரையும் இருந்தால் போதும். டிரைவர் மேல் புகார் இருந்தால் அதையும் அதிலேயே எழுதட்டும். கீழே டிரைவரின் பதிலுக்கும் இடம் விடட்டும். சாவியைத் திருப்பி வாங்குகிற அன்றே லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் விதியாக்கட்டும். வாடகைக்காகவும் டீசல் விலைக்காகவும் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த சங்கங்களுக்கு ஒரு சீட்டு அச்சடிப்பது பெரிய காரியம் இல்லை.

வேலை இழந்து நிற்கும் சக டிரைவர்களுக்கும் சொல்வேன். டிரிப் ஷீட், டீசல் பில், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் ஒவ்வொரு டிரிப்புக்கும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிஎஃப் பிடித்த கம்பெனியில் ஓட்டியிருந்தால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உங்கள் பிஎஃப் கணக்கிலேயே இருக்கும், அதுவே சான்று. அபாயகரமான சரக்கு ஓட்டும் தகுதியை லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். அது மூன்று ஆண்டு செல்லும். புதுப்பிக்க ஒருநாள் பயிற்சி போதும். கேஸ் டேங்கர் தொழிலுக்குத் தெற்கே நாமக்கல்தான் மையம் என்பதால், லோடு வண்டிக் கதவு மூடினாலும் அந்தக் கதவைத் தட்டலாம். லைசென்ஸ் நகலைக் கொடுங்கள். ஒரிஜினலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கடைசியாக யார் வண்டி என்று புது ஓனர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். போன் போடும் முன் உங்கள் கணக்கை அவர் முன்னால் விரித்து வையுங்கள்.