வாசலிலே ஓர் ஓவிய வகுப்பு

"எனக்குப் படம் போட வராதும்மா, அப்பாகிட்டே கேளு!" குழந்தை டிராயிங் நோட்டை நீட்டியதும் நம்மில் பலர் சொல்லும் பதில் இதுதான். ஆனால் அன்று காலையில் அதே கை, ரப்பர் இல்லாமல், கோணல்மாணல் இல்லாமல், ஒரு முழுப் புள்ளிக் கோலத்தைப் போட்டு முடித்திருக்கும்! படம் போடத் தெரியாதவர்கள் செய்கிற வேலையா அது?

ஓவியப் பள்ளிகளில் புள்ளி, கோடு, வடிவம், வண்ணம், இடைவெளி என்றுதான் பாடம் ஆரம்பமாகிறது. பிறகு சமநிலை, தாளம், மையம், ஒருமை என்று போகும். பெயர்கள்தான் புதுசு, விஷயம் நம் வாசலிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா, சகோதரிகளே?

இடம்: எங்கள் ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வாசல் என்பதே நாலடிதான். அதிலும் ஒரு பைக், ஒரு செருப்பு ஸ்டாண்ட்! கோயில் வாசலில் போடுகிற அளவெல்லாம் இங்கே அடங்காது. முதலில் இடத்தைக் கண்ணால் அளந்து, சுற்றிலும் ஒரு சாண் வெறுமனே விட்டுவிடுங்கள். அந்த வெற்றிடம்தான் படத்துக்குச் சட்டம். புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் விட்டால், 7 புள்ளிக் கோலம் சுமார் 14 அங்குலத்தில் முடிந்துவிடும். சின்ன வாசலுக்கு அதுவே நிறைவு.

புள்ளி: நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் 13 புள்ளி, சாய்சதுரம் கிடைக்கும். இடைப்புள்ளியில் நடுவே 7 வைத்து, மேலும் கீழும் 4 வரை குறைத்தால் 37 புள்ளி. ஆறு மூலை வரும். ஆறு இதழ்ப் பூவும் நட்சத்திரமும் அதில் அழகாக உட்காரும். புள்ளி வைத்ததுமே வடிவம் பாதி தீர்மானமாகிவிடுகிறது, பாருங்கள்.

கோடு: சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர்கிறது. ஒரே மாதிரி வளைவு திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் தாளம். யோசிக்க வேண்டுமானால் விரலை எடுத்துவிட்டு யோசியுங்கள். மாவு விழும்போது கை தயங்கினால், அந்த இடத்தில் கோடு தடித்துப் போகும்.

சமநிலை, மையம், ஒருமை: வலப்பக்கம் போட்டதை இடப்பக்கமும் போட்டால் சமநிலை. மார்கழியில் சாண உருண்டையில் ஒரே ஒரு பூசணிப்பூவை நடுவில் வைத்தால், கண் நேரே அங்கே போய் நிற்கும். அது மையம். நாலு மூலையிலும் பூ, நடுவில் விளக்கு, பக்கத்தில் மயில் என்று நிரப்பினால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது! ஓரத்தில் ஒரு காவிக் கோடு இழுத்துவிடுங்கள்; எல்லாம் ஒன்றாகக் கட்டுப்பட்டு நிற்கும். அதுதான் ஒருமை.

வண்ணம்: பொங்கலுக்குக்கூட 3 வண்ணம் போதும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். இளம்பச்சை வைத்தால் அமைதியாக இருக்கும். போட்டபின் சற்றுத் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று உடனே தெரிந்துவிடும். ஓவியர்கள் செய்கிற சோதனைதான் இது. கலர்ப்பொடியைத் தொட்டபின் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

இதெல்லாம் பொம்பளைங்க பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்திய ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1926ல் வெளியிட்ட நூலின் பெயரே 'புள்ளி, கோடு, தளம்' என்றுதான் பொருள்படும். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தின் அமைப்புக்குக் கணினிக்கான இலக்கணம் வகுத்து, 1974ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். மொழிக்கு இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்றுதானே அர்த்தம்?

விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டிக்கரில் குழந்தை முடிந்த கோலத்தைத்தான் பார்க்கிறது. வெறும் தரையில் அது எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அதோடு "எனக்கு வராது" என்று அம்மா சொல்வதையும் கேட்டால், தனக்கும் வராது என்றே முடிவு கட்டிவிடும். நாம் அதற்குக் கொடுக்கக்கூடாத சீதனம் இது!

லீவு நாளில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஸ்லேட்டில் 13 புள்ளி வைத்து, இடது பாதியை நீங்கள் போடுங்கள். வலது பாதியைக் குழந்தை போடட்டும். பெண் குழந்தைதான் என்றில்லை, பையனையும் உட்கார வையுங்கள். முடிந்ததும், "உன் கண் முதலில் எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை சொல்லும் பதிலிலிருந்து அடுத்த பாடம் தானே ஆரம்பமாகிவிடும்.