கையொப்பம் தமிழில், கடன்தாள் எவர் மொழியில்?

பணத்துறை ஒழுங்குமுறைச் சட்டம் பயின்ற வழக்குரைஞர்க்கு இன்று வேலைவாய்ப்புப் பெருகியுள்ளது. வங்கிகளும் கடன் கொடுக்கும் தனியார் நிறுவனங்களும் அவர்களைத் தேடி அமர்த்துகின்றன. மேற்பார்க்கும் அமைப்புகளாகிய ஏம வங்கியும் (இரிசர்வு வங்கி), பங்குச்சந்தை ஒழுங்காணையமும் (செபி) சட்டப் பிரிவுக்கெனத் தனித்தேர்வே நடத்துகின்றன. அதில் நமக்குக் காழ்ப்பில்லை. அவ்விருக்கைகளுக்கு ஆளெடுக்கும் தேர்வில் தமிழ் எங்கே என்பதே நம் வினா.

அரசு வங்கிகளின் எழுத்தர் தேர்வை 13 வட்டார மொழிகளிலும் நடத்துமாறு 2021இல் நடுவணரசு பரிந்துரைத்தது. (ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழிக்கு அவர்கள் இட்ட பெயர் 'வட்டார மொழி'!) தமிழும் அதனுள் அடங்கிற்று, மகிழ்ந்தோம். அதே வங்கிகளுக்குச் சட்ட அலுவலரைத் தேரும் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடக்கின்றது. ஒழுங்காணையத்தின் தேர்வும் அவ்வாறே. பணம் எண்ணும் இருக்கையில் தமிழ் அமரலாம், சட்டம் வரையும் இருக்கையில் அமரலாகாது என்பதுதானே இதன் பொருள்? இந்திக்காரன் தன் தாய்மொழியில் வினாவைப் படிக்கின்றான். சட்டக் கல்லூரியில் தமிழிலேயே தேர்வெழுதித் தேறிய நம் பிள்ளையோ இரண்டு அயன்மொழிகளுள் ஒன்றன் வாயிலில் நிற்கின்றான்.

வேலை கிட்டாத சிலரின் குறையென்று இதனைத் தள்ளிவிடாதீர். 2024 ஏப்பிரல் 15ஆம் நாள் ஏம வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. தனியாள் கடனுக்கும் சிறுதொழிற் கடனுக்கும், உடன்படிக்கைக்கு முன்பே ஒரு விளக்கத்தாள் தரல் வேண்டும். வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடாகும் என அதில் காட்டல் வேண்டும். அதிற் குறியாத கட்டணத்தைக் கடன்பெற்றவரின் இசைவின்றித் தண்டலாகாது. அத்தாள் அவர்க்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது கட்டாயம். நல்ல ஆணைதான். ஆனால் அதைத் தமிழில் எழுதுவது யார்? கடன் கட்டத் தவறுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குக் கணிப்பொறித் துறையில் 'இயல்பாக அமைந்த நிலை' என்று பொருள். சட்டமறியாப் பெயர்ப்பாளன் கையிலோ, பெயர்ப்புப் பொறியிலோ அது சிக்கினால், 'தவறினால் ஒறுப்புத்தொகை' என்பது 'இயல்பாகவே ஒறுப்புத்தொகை' என்றாகிவிடும்! தையற்பொறி வாங்கக் கடன் கேட்கும் தாய் அதன்கீழ்த் தமிழில் கையொப்பமிடுவாள்.

முறையிடலாமே என்பர். ஏம வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய குறைதீர்ப்புத் திட்டத்தில் மடலை எம்மொழியிலும் எழுதலாம். அனுப்பவேண்டிய இடம் சண்டிகர். தமிழ்ச் சட்டநடை அறிந்தவரை அமர்த்தாமல், திருவாரூரிலிருந்து செல்லும் மடலை அங்கே எவர் படித்து எங்ஙனம் தீர்ப்பர்?

சட்டத் தேர்வுகளின் வினாத்தாள் தமிழிலும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிளைகளின் ஆவணங்களை வரையும் வழக்குரைஞர்க்குத் தமிழறிவைத் தகுதியாக்க வேண்டும். நம் பக்கமும் குறையுண்டு: கடனாவணச் சொற்களுக்கு எல்லாரும் ஒப்பும் தமிழை நாமே இன்னும் ஆக்கித் தரவில்லை. சட்டம் பயிலும் அன்பர்கள் தம் வீட்டிலுள்ள கடன்தாள் ஒன்றை எடுத்து, பெயரும் எண்ணும் நீக்கி, நல்ல தமிழில் எழுதி விடுக்க. வரும் இதழ்களில் வெளியிடுவோம்.