ஃபேன் பெல்ட் மேல தப்பில்லீங்க

பழைய டீசல் இன்ஜின் வெச்சிருக்கிற போட்டுக்காரங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா இந்தப் புலம்பல் கட்டாயம் வரும். "மாசத்துக்கு ஒரு பெல்ட் போகுது சார், இப்பல்லாம் எதுவுமே தரமா வர்றதில்லை." போட்ல ஃபேனே கிடையாது, இருந்தாலும் அதுக்குப் பேரு ஃபேன் பெல்ட்தான். அது போகட்டும்.

என் கட்சி வேற. ஒழுங்கான புல்லியில ஓடுற பெல்ட் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அடிக்கடி அறுந்தா வேற எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். காரணத்தைப் பார்க்காம புதுசை மாட்டுறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை, தவணை.

சில நூறு ரூபா சாமானுக்கு இவ்வளவு பில்டப்பான்னு கேக்குறவங்களுக்கு ஒரு உதாரணம். உலகம் பூரா பழைய பாய்மரப் படகுகள்ல இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற பெர்கின்ஸ் 4.108. நாலு சிலிண்டர், 1.76 லிட்டர். நல்ல தண்ணியைச் சுத்த விடுற பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்ல ஓடும். கடல் தண்ணி பம்ப் பெரும்பாலும் கியர்ல ஓடும். இப்ப பெல்ட் அறுந்துச்சுன்னு வைங்க. பழைய டீசலுக்கு ஓடுறதுக்குக் கரண்ட் தேவையில்லை, அதனால இன்ஜின் நிக்காது. பின்னாடி எட்டிப் பார்த்தா புகைக்குழாய்ல கடல் தண்ணி வழக்கம்போல வந்துக்கிட்டிருக்கும். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு தோணும். உள்ளே இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும். கேஸ்கெட் போயி, ஹெட் வளைஞ்ச பிறகுதான் தெரியவரும். அதுக்கு முன்னாடி சொல்ற முதல் ஆளு சார்ஜ் லைட். அந்தக் குட்டி பல்பு ஃபியூஸ் ஆகிக் கிடந்தா முடிஞ்சுது கதை.

சரி, காரணத்தை எங்க தேடுறது? இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில போட்டுட்டுப் பாருங்க.

பெல்ட்டைச் சுத்திக் கறுப்புப் பொடி கொட்டியிருக்கா? ஏதோ பெல்ட்டைத் தேய்க்குது. நீளமான அடிமட்டத்தை ரெண்டு புல்லி முகத்துலயும் வெச்சுப் பாருங்க, கோணல் இருந்தா தெரிஞ்சுடும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் விரிசல், தேஞ்சுபோன போல்ட் ஓட்டை, விட்டுப்போன வாஷர், இப்படி ஏதாவது ஒண்ணு சிக்கும்.

புல்லியோட பள்ளம் அடியில பளபளன்னு இருக்கா? வி-பெல்ட் பிடிக்கிறது ரெண்டு பக்கத்தாலதான், அடியால இல்லை. அடி மின்னுதுன்னா புல்லி தேஞ்சிருக்கு, இல்லேன்னா பெல்ட் சைஸ் தப்பு. 13 மி.மீ. பெல்ட் ஓட வேண்டிய பள்ளத்துல 10 மி.மீ. பெல்ட்டைப் போட்டா உள்ளே இறங்கி வழுக்கத்தான் செய்யும்.

முன்பக்கச் சீல்ல ஆயில் ஒழுகுதா? அதை நிறுத்துற வரைக்கும் எத்தனை பெல்ட் வாங்கினாலும் தண்டம்.

கத்துதுன்னு சோப்பு தடவுறது, கண்டபடி இறுக்குறது ரெண்டும் நம்ம வைத்தியம். சோப்பு நோயை மறைக்கும், அவ்வளவுதான். இறுக்குறது அதைவிட மோசம், தண்ணி பம்ப் பேரிங்கையும் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். நீளமான பக்கத்தோட நடுவுல கட்டைவிரலால அழுத்தினா சுமார் 10 மி.மீ. இறங்கணும். பல இன்ஜினுக்கு இதுதான் கணக்கு. புது பெல்ட் முதல் சில மணி நேரத்துல கொஞ்சம் தொய்யும், திரும்ப ஒரு தடவை சரி பண்ணணும். இதைத்தான் முக்காவாசிப் பேர் விட்டுடுறாங்க.

இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் ஒத்துக்கிறதில்லை. நம்ம ஆசை. இன்ஜின் பழசு, மேல ஏத்துறதெல்லாம் புதுசு. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், வரிசையா லைட்டு. பேட்டரி பத்தலைன்னு சின்ன ஆல்டர்னேட்டரைக் கழட்டிட்டு 100 ஆம்பியர்ல ஒண்ணை மாட்டுறாங்க. 14 வோல்ட்ல 100 ஆம்பியர்னா 1,400 வாட். ஆல்டர்னேட்டர்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவா சூடாவே போயிடும். அப்ப இன்ஜின்கிட்ட இருந்து மூணு குதிரைச் சக்திக்கு மேல அந்த ஒத்தை பெல்ட் இழுக்கணும். பாவம், அது என்ன பண்ணும்? இந்த லோடுக்கு ரெட்டை பெல்ட் புல்லி போடணும், இல்லேன்னா ஆசையைக் குறைச்சுக்கணும்.

நம்ம கிழக்குக் கரையில இதைப் பார்க்கத் தோதான காலம் ஒண்ணு இருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை மேல ஏத்தி பெயின்ட் அடிக்கிறோம், பலகை மாத்துறோம். ஆனா உப்புக் காத்துல சும்மா நிக்கிற புல்லி துருப்பிடிக்கும். சொரசொரப்பான துருவுல புது பெல்ட் ஓடினா அரம் வெச்சுத் தேய்ச்ச மாதிரிதான். முதல் பயணத்துக்கு முன்னாடி எமரி பேப்பர் போட்டுத் துருவை எடுக்க அரை மணி நேரம் போதும். பெயின்ட் கரையில நிக்கிறவன் கண்ணுக்கு. புல்லி உள்ளே போற ஆளுங்க உசுருக்கு. ராத்திரியில, காத்தும் அலையும் இருக்கிறப்போ இன்ஜின் நின்னா படகு போற திசையை நாம முடிவு பண்றதில்லை.

ஸ்பேர் பெல்ட் ரெண்டு, அதுக்கான ஸ்பானர், சைஸ் நம்பர் எழுதின ஒரு சீட்டு, இதெல்லாம் போட்லயே இருக்கட்டும். ஸ்பேரைக் கரையிலயே ஒரு தடவை மாட்டிப் பழகிடுங்க. ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி மாட்டணும், ஸ்க்ரூ டிரைவரால நெம்பி ஏத்தினா உள்ளே இருக்கிற நூல் அப்பவே அறுந்துடும்.

அறுந்த பெல்ட்டையும் உடனே கடல்ல வீசாதீங்க மக்களே. திருப்பிப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கோணல். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னினா வழுக்கல். உப்பி மெத்துன்னு இருந்தா ஆயில். செத்த பெல்ட் பொய் சொல்லாது.

டிஸ்கி: இது வி-பெல்ட்டுக்கு மட்டும். டைமிங் பெல்ட் வேற கதை, அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.