தொண்டு செய்யும் ஊருக்குத் தாய் தந்தையர் வரலாமா?

நம் சங்கத்து நண்பர்கள் இருவர், படிப்பு முடிந்ததும் நேபாளத்து மலைப்பள்ளி ஒன்றில் ஓராண்டு சம்பளமின்றிக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கப் போகிறார்கள். பாராட்டத்தக்க முடிவு. ஆயினும் அவர்களுள் ஒருவர் விடுதி உணவுக்கூடத்தில் சொன்ன ஒன்றை என்னால் ஏற்க இயலவில்லை. "காசிக்கு வரும்போது அப்பாவும் அம்மாவும் என்னையும் வந்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொண்டு செய்யப் போகும் இடத்தில் பெற்றோருக்கு என்ன வேலை?" என்றார் அவர். சுற்றியிருந்தவர்களும் அது சரியென்று தலையசைத்தார்கள்.

நண்பர்களே, வரச் சொல்லுங்கள் என்பதே என் கட்சி. 2023 ஏப்ரல் முதல் ஓராண்டு, பால்பா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நானும் இப்பணி செய்தவன். அவ்வாண்டு நவம்பரில் என் பெற்றோர் ஈரோட்டில் இராப்தி சாகர் வண்டி ஏறி, கோரக்பூரில் இறங்கி, சோனௌலி எல்லையைக் கடந்து வந்து என்னுடன் ஒன்பது நாள் தங்கினர்.

பெற்றோர் வந்தால் வேலை கெடும் என்கிறார்கள். கெடுவதும் கெடாமலிருப்பதும் நம் கையில்தானே இருக்கிறது? 1961-இல் தோன்றிய அமெரிக்க அமைதிப்படை, தன் தொண்டர்களுக்கு மாதம் இரண்டு நாள் வீதம் விடுப்புத் தருகிறது. வீட்டார் வந்தால் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு! நான் அந்த அளவுக்கும் போகவில்லை. ஊருக்கு வந்தவர்கள் பள்ளி விடும்வரை காத்திருந்தார்கள், அவ்வளவே.

முக்திநாத் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சாளக்கிராமம் என்ற பெயரால் ஆழ்வார்கள் பாடிய தலம் அது; நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. "நீயும் வா கண்ணு" என்றார். பள்ளியில் தேர்வு நேரம். பொக்கராவில் கோவை யாத்திரைக் குழு ஒன்று அகப்பட்டது, அவர்களோடு அனுப்பிவைத்தேன். கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே இருப்பதால், ஜோம்சோமில் ஓரிரவு தங்கிப் பிறகு ஏறும்படி மட்டும் சொல்லியிருந்தேன். பத்திரமாய்ப் போய்த் திரும்பினார்கள். பெற்றோரைக் கைப்பிடித்து நடத்த வேண்டிய குழந்தைகளாக நாம் எண்ணிக்கொள்வது ஏனோ தெரியவில்லை. நிலவியல் மாணவனாகிய நான், சாளக்கிராமக் கல் என்பது அம்மோனைட் என்னும் கடலுயிரின் புதைபடிவம், இமயம் எழுமுன் அங்கே தெதிஸ் கடல் கிடந்தது என்று விளக்கினேன். "பெருமாள் கடலில் படுத்திருந்தார் என்று நீயே சொல்கிறாய்!" என்றார் அம்மா. அதற்கு மறுமொழி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மலையூர்க் கஷ்டம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பாரும் உண்டு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாய் லில்லியன் கார்ட்டர், தமது 68-ஆம் வயதில் அமைதிப்படையில் சேர்ந்து, 1966 முதல் 1968 வரை பம்பாயை அடுத்த விக்ரோலியில் செவிலியராய்த் தொண்டாற்றியவர். அவர் தாய் மட்டுமல்லர், தொண்டரும்கூட. நம் பெற்றோர் ஒன்பது நாள் மண் வீட்டில் படுக்கமாட்டார்களா? கொல்லைக் கிணற்றில் நீர் இறைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். குழாயடியில் பழகியவர்கள் நாம்.

நண்பர் சொன்னவற்றில் எனக்குக் கனமாகப் பட்டது ஒன்றே. "நானே பிறர் வீட்டில் விருந்தாளி, நான் எப்படி விருந்து அழைப்பது?" என்றார். மெய்தான். என்னை வைத்திருந்த வீட்டம்மையை ஊர் வழக்கப்படி 'ஆமா' என்று அழைப்பேன். நேபாளியில் அது தாயைக் குறிக்கும். (என் அம்மா எதற்கேனும் "ஆமா" என்று சொல்லும்போதெல்லாம் அந்த அம்மையார் திரும்பிப் பார்ப்பார். ஒன்பது நாளும் இக்கூத்து நடந்தது.) விருந்தினர் வந்தால் கடன் வாங்கியாவது கறி சமைக்கும் வீடு அது. சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் நீட்டினேன், வாங்க மறுத்தார். பெற்றோர் வருமுன்பே அரிசி மூட்டையும் எண்ணெய்யும் பருப்பும் வாங்கிச் சமையலறையில் இறக்கிவிட்டேன். அதை மறுக்கவில்லை. அழைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஊர் முழுவதற்கும் வேட்டியும் புடவையும் வாங்கிவந்து கொடுத்து, நாம் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர் என்று ஆக்கிவிடவும் கூடாது.

என் தந்தையார் சென்னிமலையில் போர்வை நெய்பவர். பால்பாவோ 'டாக்கா' துணிக்குப் பேர்போன ஊர். நேபாளத்தார் அணியும் தொப்பி அத்துணியில் தைப்பது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி தறியில் அதை நெய்துகொண்டிருந்தாள். ஒரு சொல் நேபாளி தெரியாத என் தந்தையார் அங்கே போய் அமர்ந்தார். பாவைத் தொட்டுப் பார்த்தார். ஊடை ஓடுவதைக் கவனித்தார். அறுந்த இழை ஒன்றை அவரே முடிந்தார். மாலைவரை அங்கிருந்து எழவில்லை. ஏழு மாதம் வகுப்பெடுத்த நான் அவ்வூருக்கு வெறும் 'சர்'. மறுநாள் முதல் 'நெசவுக்காரர் மகன்' ஆகிவிட்டேன். பிள்ளைகள் வகுப்பில் என்னிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்படாமற்போனது அதன் பிறகுதான்.

அன்றிரவு அவர் கேட்டார்: "சென்னிமலைப் பக்கம் கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடமே இல்லையா தம்பி?" இருக்கிறது என்றேன். "பிறகு இங்கே எதற்கு?" நெடுநேரம் பேசினோம். அவர் முழுதும் ஒப்பவில்லை. என் மறுமொழியும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஓராண்டு சம்பாத்தியத்தை நமக்காக விட்டுக்கொடுக்கிறவர் கேட்கும் கேள்வி அது. தொலைபேசியில் அதைத் தட்டிக்கழித்துவிடலாம். ஒரே கூரையின்கீழ் படுத்திருக்கும்போது முடியாது. அழையுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. வந்த அன்றே அம்மா என் படுக்கையைத் தடவிப் பார்த்தார். கம்பளி போதுமா என்று விரித்துப் பார்த்தார். ஆமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூத்த மகன் கத்தாரில் கட்டட வேலை செய்பவன்; போய் நான்காண்டு. "அவன் முகத்தை நாள்தோறும் செல்பேசியில் பார்க்கிறேன். படுக்கிற இடத்தைப் பார்த்ததில்லை" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் அவரருகே போய் அமர்ந்தார்.

தொண்டு செய்யப் போனவனைத் தேடித் தாய் வருகிறாள். கூலிக்குப் போனவனைத் தேடி வர வழியில்லை. இந்த வேற்றுமை உறுத்துகிறதே, பெற்றோரை வரவிடாமலிருப்பதே பண்பு என்று நண்பர் கூறக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. என் தாய் வராதிருந்தால் அந்த அம்மையாரின் துயரம் குறைந்திருக்கப் போவதில்லை. நான் அதை அறியாதிருந்திருப்பேன் என்பதே வேறுபாடு. எஞ்சிய நாட்கள் இருவரும் அடுக்களையில் ஒன்றாகக் கீரை ஆய்ந்தார்கள், ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு. என்னை மொழிபெயர்க்கவும் கூப்பிடவில்லை.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று: "இது நம் இந்தியா மாதிரியே இருக்கிறது" என்று பாராட்டாக நினைத்துச் சொல்லிவிட வேண்டாம். 1950 ஒப்பந்தத்தின் பயனாய் நமக்கு விசா தேவையில்லை; அதனால் அது வேறு நாடு என்பதே மறந்துபோகிறது. 2015-இல் எல்லை அடைபட்டு எரிபொருளுக்குத் தவித்ததை அவர்கள் மறக்கவில்லை. அதை இந்தியாவின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி, வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 160. கடிகாரத்தைக் கால்மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் தந்தையார் மறுத்துவிட்டு, ஒன்பது நாளும் சென்னிமலை நேரப்படியே சாப்பாட்டுக்கு வந்தார்.