தேவதை மீனும் பவழத் தோட்டமும்

கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சமுத்திரத்தின் ஒரு துண்டையே கூடத்தில் கொண்டுவந்து வைத்து, உயிருள்ள பவழத்தையும் கடல் மீன்களையும் அதில் வாழச் செய்வது வேறு விஷயம். அதிலும் 'ஏஞ்சல்' என வழங்கும் தேவதை மீனையும் பவழத்தையும் ஒரே தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். அந்த ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறக்கூடியது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பவழத்தைக் கல் என்பார் சிலர். செடி என்பார் சிலர். உண்மையில் அது பிராணி. எண்ணற்ற சிறு ஜந்துக்கள் கூடிச் சுண்ணாம்பினால் வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுகளின் குவியலே பவழப் பாறை. அந்த ஜந்துக்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தின் உதவியால் ஆகாரம் தயாரித்து, தனக்கு இடம் கொடுத்தவருக்கும் பங்கு தருகிறது. ஆகையால் தொட்டியில் பலத்த வெளிச்சம் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பும், 24 முதல் 27 டிகிரி உஷ்ணமும், ஓயாத நீரோட்டமும் வேண்டும்.

இனி, மீனைப் பார்ப்போம். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வாழும் 'சக்கரவர்த்தி' தேவதை மீன் இந்த வம்சத்தில் பேர் பெற்றது. வளர்ந்த மீனின் உடலில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் ஓடும். கண்களைக் கறுப்புப் பட்டை மறைத்திருக்கும். குஞ்சோ கருநீல உடலில் வெள்ளை வளையங்களுடன் முற்றும் வேறாக இருக்கும். 1801-ல் அதை வேறொரு ஜாதி என்றே எண்ணி, நிக்கோபார் தீவின் பெயரால் அழைத்தார்கள். தன் எல்லைக்குள் தன்னைப் போன்ற வர்ணமுள்ள மீனைக் கண்டால் பெரிய மீன் துரத்தியடிக்கும். குஞ்சின் உடை வேறாக இருப்பதால் அது பிழைத்துப்போகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

சங்கடம் உணவில்தான் இருக்கிறது. கடலில் இந்த மீன் பெரும்பாலும் கடற்பஞ்சைக் கடித்துத் தின்னும். பரந்த பாறையெங்கும் திரிவதால் ஒரே இடத்தில் ஓயாமல் வாய் வைப்பதில்லை. தொட்டியிலோ கடற்பஞ்சு குறைவு. சுற்றித் திரியவும் இடமில்லை. பொழுது போகாத மீன், விரிந்திருக்கும் பவழத்தையே நாள்தோறும் கொத்தும். கொத்துப்பட்ட பவழம் சுருங்கி மூடிக்கொள்ளும். மூடியே கிடந்தால் மெலிந்து மடியும். மேலும் சக்கரவர்த்தி மீன் 40 சென்டிமீட்டர் வரை வளரும். பழகியவர்கள் அதற்கு 800 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும் என்பார்கள்.

இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் செய்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பாசியை மேயும் குள்ளத் தேவதை மீன்கள் உண்டு. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் வகையும் உண்டு. பின்னது பவழத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. முன்னதோ ஒன்று சாதுவாக இருக்கும். அதன் உடன்பிறப்பு கொத்தித் தீர்க்கும். பவழம் நன்றாக வேரூன்றிய பிறகு மீனை விடுவதும், தினம் பல தடவை சிறிது சிறிதாக உணவிடுவதும் நலம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி, மீனும் பவழமும் எங்கிருந்து வந்தன என்பது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களில் தொடங்கி, பாறை இடுக்குகளில் ஸயனைடு விஷத்தைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மீன் விலைபோயிற்று, பாறை செத்தது. தொட்டியிலேயே பொரித்து வளர்த்த மீன்கள் இன்று கிடைக்கின்றன. வாங்குகிறவர் அவற்றையே கேட்டு வாங்க வேண்டும்.

நமக்கும் பவழச் செல்வம் உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளை ஒட்டிப் பவழப் பாறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காக அவற்றை வெகு காலம் வெட்டினோம். 1986-ல் அவ்விடம் கடல் தேசியப் பூங்காவாயிற்று; 2001-ல் பாறை கட்டும் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. ஆனாலும் 2016-ல் கடல் சூடேறியபோது பல பவழங்கள் வெளுத்து மடிந்தன. இரண்டு டிகிரி உஷ்ணம் ஏறினால் தொட்டிக்காரர் பதறி ஓடுகிறார். கடல் சூடேறும்போது அப்படிப் பதறுவோர் எத்தனை பேர்? தொட்டி வைத்தவரும் வைக்காதவரும் அந்தக் கவலையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், தேவதை மீனின் வீடு நம் கரையில் நிலைத்திருக்கும்.