ஏடு வைத்திருப்பவனும் நீதி கேட்பவனும்

நீதிமன்றின் முன் இருவர் நிற்கின்றனர். ஒருவனிடம் முறைப்பாடு மட்டுமே உண்டு. மற்றவனிடம் ஏடுகள் அனைத்தும் உண்டு. ஏடில்லாதவன் தன் வழக்கை எவ்வாறு நிறுவுவான்? இவ்வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் கண்ட விடையே ஆவண வெளிப்படுத்தல் ஆகும். தனக்குச் சாதகமான ஆவணங்களை மட்டுமன்றித் தன் வழக்கையே கெடுக்கும் ஆவணங்களையும் எதிர்த்தரப்பின் கண்முன் வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இக்கடப்பாடு கடந்த கால் நூற்றாண்டாகச் செலவுச் சிக்கனம் என்னும் பெயரில் படிப்படியாகக் குறுக்கப்பட்டு வருகின்றது. இக்குறுக்கத்தால் நன்மை பெறுவோர் யாவர் என்பதே இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கடப்பாடு சான்சரி மன்றின் நியாய வழிமுறையில் தோன்றியது. 1882 ஆம் ஆண்டில், பெருவியன் குவானோ கம்பனி வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்று இதற்கு மிக விரிந்த பொருள் கொடுத்தது. ஓர் ஆவணம் நேரடிச் சான்றாக அமைய வேண்டியதில்லை. சான்றை நோக்கி இட்டுச் செல்லும் விசாரணைத் தொடருக்கு வழிகாட்டுமாயினும் அது வெளிப்படுத்தப்பட வேண்டும் என பிரெற் நீதியரசர் வகுத்தார். நூறாண்டுக்கு மேலாக இவ்விதி ஆட்சி செய்தது.

இவ்விதிக்கும் குறைபாடு இருந்தது. செல்வம் படைத்தோர் வண்டி வண்டியாகக் காகிதங்களைக் கொட்டி எதிரியைத் திணறடித்தனர். சட்டத்தரணிகளின் கட்டணம் வானளாவியது. ஆகவே வூல்வ் பிரபுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1999 இல் நடைமுறைக்கு வந்த குடியியல் நடைமுறை விதிகள் விசாரணைத் தொடர் என்னும் அளவுகோலைப் பொது நியமமாகக் கொள்ளாது கைவிட்டன. நியாயமான தேடலே போதும் என்றன. அதுவும் மிகையெனக் கருதப்பட்டு, 2019 இல் வர்த்தக, சொத்து நீதிமன்றங்களிற் புதியதொரு முறை பரீட்சார்த்தமாகப் புகுத்தப்பட்டு, 2022 ஒக்டோபரில் நிரந்தரமாக்கப்பட்டது. இதன்படி வெளிப்படுத்தலுக்கு ஐந்து மாதிரிகள் உள்ளன. தேடிக் கண்டு வெளிப்படுத்துமாறு கோரும் உரிமை எவருக்கும் உண்டென்ற முன்னனுமானம் இல்லை. மிக விரிந்த மாதிரியோ விதிவிலக்கான வழக்குகளுக்கு மட்டுமே உரியது.

பாதகமானவை எனத் தான் அறிந்த ஆவணங்களை ஒரு தரப்பு எவ்வாறாயினும் வெளியிட்டே ஆக வேண்டும் எனப் புதிய விதி கூறுகின்றதே என்பர் அதன் ஆதரவாளர். நன்று. ஆயின் மேலதிகத் தேடலின்றியே உண்மையில் அறிந்தவை மட்டுமே அங்கு கருதப்படுகின்றன. தேடாதவன் அறியான், அறியாதவன் வெளியிட வேண்டியதில்லை! மற்றொரு மாதிரியில் கேட்பவனே தனக்கு வேண்டிய ஆவணத்தைக் குறித்துக் கேட்டல் வேண்டும். இருப்பதே தெரியாத ஏட்டை எவ்வாறு குறித்துக் கேட்பது?

இது வெறும் ஊகமன்று. பிரித்தானியத் தபாலகத்தின் ஹொறைசன் கணினிக் கணக்கிற் காட்டிய பற்றாக்குறைக்காக உபதபாலதிபர்கள் தம் கைப்பணத்தைக் கட்டினர், நூற்றுக்கணக்கானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களுள் ஐந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மேல் நீதிமன்றில் ஒன்றுசேர்ந்து வழக்காடியபோது, கணினியின் அறியப்பட்ட வழுக்களைப் பதிந்த பதிவேட்டைக் கோரினர். அதன் இருப்பையே முதலிற் கேள்விக்குள்ளாக்கிய தபாலகம், பின்னர் அது வழக்கிற்குப் பொருத்தமற்றது என்றது. கணினியை வழங்கிய புஜிற்சு கம்பனியிடம் உள்ளதாகையால் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் வாதிட்டது. ஈற்றில் அப்பதிவேடு வெளிவந்தது. 2019 டிசெம்பரில் பிரேசர் நீதியரசர் அளித்த தீர்ப்பில் அதற்குப் பெரும் பங்குண்டு. இவ்வழக்கு 1999 ஆம் ஆண்டு விதிகளின் கீழேயே நடந்தது. அவ்விதிகளின் கீழேயே இத்துணைப் போராட்டம் வேண்டியிருந்ததெனில், அவற்றினும் குறுகிய விதிகளின் கீழ் எளியவன் கதி யாது?

செலவு என்னும் வாதமும் இன்று வலுவிழந்து நிற்கின்றது. 2016 இல் பிரோ இன்வெஸ்ற்மன்ற்ஸ் வழக்கில், முப்பது இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்களைக் கணினியின் துணைகொண்டு தரம்பிரிக்க ஆங்கில நீதிமன்று அனுமதியளித்தது. மனிதக் கண் ஒவ்வொரு தாளையும் படிக்க வேண்டிய காலம் போய்விட்டது. மேலும், அம்மலையைக் குவித்தவர் யார்? தம் வாணிப நலனுக்காக ஒவ்வொரு மின்னஞ்சலையும் சேமித்து வைக்கும் நிறுவனங்கள், நீதிமன்று கேட்டதும் பாரம் தாங்கவில்லை என்று புலம்புதல் நகைப்புக்குரியது.

சமமான இரு வங்கிகள் தம்முள் வழக்காடுங்கால் குறுகிய வெளிப்படுத்தலால் எவருக்கும் பெருங்கேடில்லை. அவ்விரு வங்கிகளுக்கென வெட்டப்பட்ட சட்டையை, ஏடனைத்தும் ஒரே கையிலிருக்கும் வழக்குக்கும் அணிவிப்பதே தவறு. அத்தகைய வழக்குகளில் முன்னனுமானம் தலைகீழாக்கப்பட வேண்டும்: விரிந்த தேடலே விதியாதல் வேண்டும், அது மிகையென நிறுவும் சுமை ஏடு வைத்திருப்பவன் மீதே விழ வேண்டும். தேடலுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் நீதிமன்று, தேடாது விட்டமையால் சிறை சென்றவனின் ஆண்டுகளையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அவற்றைச் சேர்க்காத கணக்குச் சிக்கனமன்று. அது வலியவனுக்கு எளியவன் செலுத்தும் வரியே.